எழுபத்து நாலு மில்லிமீட்டர்

லயத்துக்குப் பின்னால்,
கோழிக்கூட்டுக்கும் மலசலகூடத்துக்கும் நடுவே
மழைமானி நட்டவர்கள் என்னைக் கேட்கவில்லை.
பத்தாம் வகுப்பு படித்தவன், பக்கத்தில் இருப்பவன்,
அவ்வளவுதான் தகுதி.
எழுபத்தைந்து என்றால் விழித்திரு.
நூறு என்றால் மூட்டை கட்டு.
நூற்றைம்பது என்றால் ஓடு.
ஒரு விசிலும் தந்தார்கள். மஞ்சள் நிறம்.

அன்றிலிருந்து
தகரத்தில் முதல் துளி விழுமுன்னே
உள்ளங்கை வேர்க்கும் எனக்கு.
வெயில் நாளிலும் பெரட்டுக்களத்தில் நின்று
மலையைப் பார்ப்பேன்,
அது என்னைப் பார்க்காது என்று தெரிந்தும்.

பண்டாரவளையில் டொக்டர் சமிந்தி
மருந்துத் துண்டின் பின்பக்கம் மூளையைக் கீறினார்.
பக்கத்துக்கு ஒன்றாய் இரண்டு கொட்டம்பாப் பருப்பு.
"பயம் இங்கதான் கத்துறது," அவருடைய தமிழில்.
"வாயை மூடச் சொல்ற ஆளும் உங்க உள்ளதான் இருக்கு."

கேட்கிற நரம்பு
கத்துகிற நரம்புக்குத் திருப்பி அனுப்பும் சீட்டு:
கேட்டது. போதும். மெதுவாக.
அதைக் கண்டுபிடித்தவர்கள்
பெயருக்குள் ஆனந்தம் என்ற சொல்லை வைத்தார்களாம்.
கஞ்சா செய்வது
அந்தச் சீட்டில் கள்ளக் கையெழுத்துப் போடுவது.
ஒவ்வொரு சீட்டையும் தின்ன ஒரு நொதியம் காத்திருக்கும்.
கவலை நீண்டால் அதற்குப் பசி கூடும்.

நொதியமாவது மண்ணாங்கட்டியாவது என்றான்
மச்சான் டிலுக்ஷன்.
மொனராகலைப் பக்கமிருந்து ஒரு பொட்டலம்.
முதல் நாள் மலை தூரம் போய் உட்கார்ந்தது.
ரொட்டியில் தேங்காய்ப்பூ
தனித்தனியாக இனித்தது.
மறுவாரம் இரண்டு மடங்கு இழுத்தேன்.
மலை வீட்டுக்குள் வந்துவிட்டது.
கழுத்து நரம்பில் பெரட்டுத் தப்பு
அடித்தது அடித்தது
கள்ளக் கையெழுத்து கூடினால்
காவல்காரனே கத்தத் தொடங்குவான் போல.

அபினும் உள்ளே காய்ச்சப்படுகிறதாம்,
அனுமதிப்பத்திரம் இல்லாமல்.
வலியில், ஓட்டத்தில், சிரிப்பில்,
யாராவது தொட்டால்.
அதே குடும்பத்தில் ஒரு கெட்ட தம்பி உண்டு,
அண்ணன் தடவிய இடத்தில் கிள்ளுவான்.
லோஜினியிடம் சொன்னேன்.
கூடையை இறக்கி, நெற்றித் தழும்பைத் தேய்த்து,
"அபினா?
அரைப்பேர் போட்டன்னிக்கு எங்க போச்சு அது?"

கார்த்திகையில் ஒரு செவ்வாய், இரவு பதினொன்றரை.
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
எழுபத்து நாலு.
விதிப்படி ஒன்றுமில்லை.
என் கொட்டம்பாவைக் கேட்டிருந்தால்
போன வருடமே ஓடியிருக்க வேண்டும்.
எப்போதும் கத்துகிறவன் சொல்லை
எந்த இரவில் நம்புவது?
ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் நின்றேன், நனைந்து.
விசில் வாய்க்குப் போனது
யார் எடுத்த முடிவென்று இன்னும் தெரியாது.

பாடசாலை மண்டபத்தில் நாற்பத்தொரு பேர், ஒரு நாய்.
அடுப்பில் பருப்பை விட்டுவிட்டு
ஏசிக்கொண்டே வந்தார் ரெங்கம்மா.
யாரும் கண் மூடவில்லை என்பார்கள், பொய்.
நனைந்த படங்குகளின் நாற்றத்தில்
முதுகோடு முதுகு சாய்ந்து குறட்டை விட்டார்கள்.
யார் வீட்டுப் பிள்ளையோ
என் முழங்காலில் எச்சில் வடித்துத் தூங்கியது.
லோஜினியின் கை என் பிடரியில்,
வைத்ததை அவள் மறந்திருந்தாள்.
அண்ணனா, ஆனந்தமா,
எவன் வேலை செய்தானோ.
தப்பு நின்றது.

மலை விழவில்லை.
லயம் அப்படியே இருந்தது,
ரெங்கம்மாவின் பருப்பு கரியாகி, சட்டியோடு.
என்னைப் பார்த்து மூன்று நாள் பேசவில்லை.
மழைமானியைக் கவிழ்த்தேன்.
குறிப்பேட்டில் எண்பத்தொன்பது.
வானம் என்ற நிரலில், தெளிவு.
கை நடுங்கியதற்கு நிரல் இல்லை.

பிறகு மேலே ஏறிப் போனேன், சும்மாதான்.
பாறைக்குக் கீழே மண்ணில் ஒரு கீறல்.
சுண்டுவிரல் நுழைந்தது.
நேற்று இருந்ததா இது?
உள்ளங்கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு
இன்னொரு முறை
விரலை விட்டுப் பார்த்தேன்.